அலமாரிக்கு நகரும் கதவு: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். ஒன்றில் மேலிருந்து கீழ்வரை கண்ணாடி, மற்றொன்றில் தேக்கு நிறப் பலகை. எதை வாங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. கதவு எதன்மேல் ஓடப்போகிறது, திறந்தால் உள்ளே எவ்வளவு தெரியும், அதன் எடையை எது தாங்கும் என்பதையெல்லாம் முதலில் முடிவு செய். நிறம் சலித்துப்போனால் பலகையை மாற்றிக்கொள்ளலாம். உருளையும், அது ஓடும் தடமான டிராக்கும் தரமில்லாமல் அமைந்துவிட்டால் காலையும் மாலையும் கதவோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

கீல் கதவா, நகரும் கதவா என்பதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். அலமாரிக்கு முன்னால் தாராளமாக இடம் இருந்தால் நான் கீல் கதவைத்தான் சொல்வேன். இரண்டு கதவையும் திறந்துவிட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே பார்வையில் தெரியும். உன் அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே 70 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. 50 சென்டிமீட்டர் அகலக் கதவு திறந்தால் நீ நிற்கவே இடம் இருக்காது. ஆகவே நகரும் கதவுதான் சரி.

அதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு கதவு போட்டால் அலமாரியின் ஒரு பாதி எப்போதும் மூடியே இருக்கும். கணக்கைப் பார். வாய் அகலம் 180 சென்டிமீட்டர், கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று 3 சென்டிமீட்டர் ஏறி நிற்கின்றன என்று வைத்துக்கொள். 180-உடன் 3-ஐக் கூட்டி இரண்டால் வகுத்தால் ஒரு கதவு 91.5 சென்டிமீட்டர். ஒன்றை முழுக்கத் தள்ளினால் உனக்குக் கிடைக்கும் திறப்பு 88.5 தான். எனவே உள் அமைப்பை வரையும்போதே, காலை அவசரத்தில் வேண்டியவற்றை ஒரே பக்கம் சேர்த்துவிடு. சட்டை ஒரு பாதியிலும் கால்சட்டை மறு பாதியிலும் இருந்தால் கதவை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டே நிற்பாய்.

இழுப்பறைகளில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நடுவில் இழுப்பறை வைத்தால் எந்தக் கதவைத் தள்ளினாலும் அதன் ஓரம் இடிக்கும், இழுப்பறை முழுக்க வெளியே வராது. ஒரு கதவின் திறப்புக்குள் அது அடங்க வேண்டும். கதவு ஓரத்திலிருந்து இரு பக்கமும் சில சென்டிமீட்டர் விலகியும் இருக்க வேண்டும். தச்சர் படம் போட்டுக் கொடுத்ததும் முதலில் இதைச் சரிபார்.

ஆழத்தையும் மறந்துவிடாதே. தொங்கும் உடைகளுக்கு உள்ளே 55 முதல் 60 சென்டிமீட்டர் வேண்டும். இரண்டு கதவுகளுக்கான டிராக் 8 முதல் 10 சென்டிமீட்டரை விழுங்கிவிடும். இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் அலமாரி செய்தால், சட்டைக் கைகள் கதவில் உரசிக்கொண்டே இருக்கும்.

இனி கதவு எங்கே ஓடுவது? மேலிருந்து தொங்கும் கதவுக்குத் தரையில் டிராக் வேண்டாம். சின்ன வழிகாட்டி ஒன்று போதும், பெருக்குவது சுலபம், ஓசையும் குறைவு. ஆனால் எடை முழுவதும் மேலே விழும். மேலே கான்கிரீட்டோ கனமான மரச்சட்டமோ இருக்க வேண்டும். உன் அறையில் இருப்பதோ ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். மரநாரை அழுத்திச் செய்த 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் பலகையில் 91.5-க்கு 210 சென்டிமீட்டர் அளவில் செய்த கதவு ஒன்றே சுமார் 25 கிலோ வரும். அப்படி இரண்டை அந்த ஜிப்சம் அட்டையில் தொங்கவிட நான் சம்மதிக்க மாட்டேன். கீழே உருளை உள்ள கதவையே வாங்கு. அதில் எடையைத் தரை தாங்கும், மேல் டிராக் கதவைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். தலைமுடியும் தூசியும் கீழ் டிராக்கில் சேரத்தான் செய்யும். வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டால் போதும். உருளை ஒரு கதவுக்கு எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்கு.

கண்ணாடிக் கதவைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. பேத்தி இப்போதுதான் எதையும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். கண்ணாடியின் பின்புறம் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கிறதா என்று பார். உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் அது பிடித்துக்கொள்ளும். படலம் இல்லாத கண்ணாடி அந்த அறைக்குள் வரக் கூடாது. கதவு டிராக்கிலிருந்து கழன்று வராதபடி தடுக்கும் பூட்டும், கடைசி சில சென்டிமீட்டரில் மெதுவாக அடங்கும் சாஃப்ட் குளோஸ் அமைப்பும் கட்டாயம் வேண்டும். பிஞ்சு விரல் நடுவில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. இதில் மட்டும் காசு பார்க்காதே.

என்னைக் கேட்டால் ஒரு கதவு கண்ணாடி, ஒரு கதவு பலகை. ஆளுயரத்தில் பார்த்துக்கொள்ள ஒன்று போதும், கைரேகை துடைக்கும் வேலையும் பாதியாகும். பலகையின் இரு பக்கமும் லேமினேட், அதாவது மெல்லிய மேல்தகடு, ஒட்டச் சொல். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் உயரமான பலகை நாளடைவில் வில்லாக வளையும், வளைந்த கதவு அடுத்த கதவை உரசும். சுற்றிலும் அலுமினியச் சட்டம் இருந்தால் இன்னும் நல்லது. கைப்பிடி பதித்ததாக இருக்கட்டும். வெளியே துருத்தினால் ஒரு கதவு மற்றதைத் தாண்டிப் போகாது.

கடையில் வைத்திருக்கும் மாதிரிக் கதவை ஒற்றை விரலால் தள்ளிப் பார். பாதி வழியில் திக்கினாலோ கரகரத்தாலோ வேண்டாம். பிறகு கீழ் ஓரத்தைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார். லொடலொடவென்று ஆடினால், விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காதே.

தரையில் டைல்ஸ் பதித்து முடிந்த பிறகே அளவெடு. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் எடு. உயரத்தையும் அப்படியே இடம், நடு, வலம் என்று எடு. எது குறைவோ அதுதான் உன் அளவு. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக நாடாவைப் பிடித்துப் பார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லையென்றால் சுவரோ தரையோ கோணலாக இருக்கிறது. சிறிய கோணலை உருளையின் திருகைத் திருகிச் சரிசெய்துவிடலாம். பெரிதாக இருந்தால் கதவு தானே ஒரு பக்கம் ஓடும், சுவரோரத்தில் முக்கோண இடைவெளி தெரியும். அதைச் சட்டம் வைத்து நிமிர்த்திய பிறகே கதவுக்குச் சொல்ல வேண்டும். தச்சரின் ரசமட்டத்தை வாங்கித் தரையில் நீயே ஒருமுறை வைத்துப் பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லா அளவையும் எடுத்து, உள் அமைப்பின் படத்தோடு எனக்கு அனுப்பு. முன்பணம் கொடுப்பதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒருமுறை கணக்குப் பார்த்துவிடலாம். மருமகள் தன் உடைகளுக்கு எவ்வளவு இடம் கேட்கிறாள் என்பதையும் அவள் வாயாலேயே கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா