பெட்டியில் இருக்கும் தையல் மெஷினை முதலில் வெளியே எடு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். "வீடு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சாயங்காலம் விளக்கைப் போட்டதும் யார் வீட்டிலோ வந்து காத்திருப்பதுபோல இருக்கிறது" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டுப் புது வீட்டுக்குப் போனவள் நீ. அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது.

இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறேன். பெரியவள் வேலை கிடைத்துத் தனியாகப் போய்விட்டாள். அவள் அறையை மூன்று மாதம் சாத்தியே வைத்திருந்தேன், உள்ளே போக மனம் வரவில்லை. அப்புறம் ஒருநாள் அவளே சொன்னாள், "அம்மா, அதை நீங்கள் வாசிக்கிற அறையாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்று. இந்த ஆறு மாதமாக நானும் அவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அதனால் உன் கேள்வி சரியான நேரத்தில் வந்திருக்கிறது.

பழைய காலத்துச் சாயலில், மனதுக்கு இதமாக வீட்டை அமைக்க யோசனைகளை எங்கே தேடுவது என்று கேட்டிருந்தாய். பிடித்த படங்களையும் வெட்டி அனுப்பியிருந்தாய். அவற்றை மேசையில் பரப்பி வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். ஒன்றில் மர அலமாரி, ஒன்றில் பிரம்பு நாற்காலி, இன்னொன்றில் வெறும் ஜன்னலும் ஒரு மெத்தையும்தான். பொருள்கள் எல்லாம் வேறு வேறு. ஆனால் ஒரு படத்தில்கூட உத்தரத்து விளக்கு எரியவில்லை, கவனித்தாயா? எல்லாவற்றிலும் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ வருகிறது. உனக்குப் பிடித்தது அந்த வெளிச்சம்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் கடைக்குப் போகும் முன் பல்புகளைப் பார். அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருக்கும். 6500 என்றால் வெள்ளை வெளேரென்ற பகல் வெளிச்சம். 4000 நடுத்தரம். 2700 என்றால் நாம் சின்ன வயதில் பார்த்த இழை பல்பின் மஞ்சள். எண் குறையக் குறைய நிறம் கனியும்; மெழுகுவர்த்திச் சுடர் 2000-க்கும் கீழே. புது வீட்டில் உனக்குப் பெரும்பாலும் 6500 மாட்டிக் கொடுத்திருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் எவ்வளவு நல்ல மரமும் சாம்பல் பூத்தாற்போலத்தான் தெரியும். ஒரே அறையில் எல்லா பல்பும் ஒரே கெல்வினாக இருக்கட்டும். கூடவே நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்று இன்னொரு எண் உண்டு, 90-க்கு மேல் இருந்தால் நல்லது. எங்கள் வாசிப்பறையில் நடுவிளக்கைப் போடுவதே இல்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தோள் உயரத்தில் ஒன்று, புத்தக அலமாரிக்குள் ஒன்று, மூலையில் தரையோடு ஒன்று. அதிலேயே அறை வேறு அறையாகிவிட்டது. சுவருக்கு வேறு நிறம் அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். பல்பை மாற்றி ஒரு மாதம் பொறு. அதே வெள்ளைச் சுவர் மஞ்சள் வெளிச்சத்தில் வெண்ணெய் நிறமாகத் தெரியும், பெயின்ட் வேலையே மிச்சமாகலாம்.

அடுத்து ஒரு விஷயம். இதை உனக்கு முன்னால் சொன்னதில்லை. அப்பாவின் எழுத்து மேசை நினைவிருக்கிறதா? பரீட்சைக் காலத்தில் நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து படிப்போமே, அது. எட்டு வருடத்துக்கு முன் அது என் வீட்டுக்கு வந்தது. மேலெல்லாம் கறுத்து, பிசுபிசுத்து, வலது பக்கம் பெரிய மைக்கறையோடு இருந்தது. அப்பாவின் மேசை பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையில் ஆளை வைத்து, இயந்திர உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்கச் சொல்லி, மேலே பாலியூரித்தேன் வார்னிஷ் இரண்டு கை அடிக்கச் சொன்னேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேசையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மைக்கறை போயிருந்தது. அப்பா முழங்கை ஊன்றி ஊன்றி லேசாகக் குழிந்திருந்த இடம் சமமாகியிருந்தது. கண்ணாடிபோலப் பளபளக்கிற ஏதோ ஒரு மேசை நின்றது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த மேசையில் இருந்தது அரக்கு பாலிஷ், ஷெல்லாக் என்பார்கள். அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பந்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. ஸ்பிரிட்டில் கரைந்ததால் பல வருடம் கழித்தும் ஸ்பிரிட் பட்டால் இளகும். மறைவான இடத்தில், மேசையின் அடி விளிம்பில், பஞ்சில் ஒரு சொட்டு வைத்தால் போதும். ஒட்டுகிற மாதிரி இளகினால் அது ஷெல்லாக். அப்படிப்பட்ட மேற்பரப்பைச் சுரண்டவே வேண்டாம். முதலில் அழுக்கை மட்டும் துடைத்துவிட்டு, துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு மெல்ல ஓட்டினால் பழைய பூச்சே கரைந்து மறுபடி சமமாகப் படியும். மரத்தின் நிறமும் அதிலிருக்கும் கறையும் அப்படியே இருக்கும். இது தெரிந்திருந்தால் அப்பாவின் மைக்கறை இன்றைக்கும் இருந்திருக்கும்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உன் அம்மாவின் தையல் மெஷின். போன கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருந்தாய்: "அம்மாவின் கால் மெஷின் இன்னும் பெட்டியைப் பிரிக்காமல் இருக்கிறது, புது வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை." அடிப்பாவி, வீட்டுக்குப் பழைய சாயல் வேண்டும் என்று தேடுகிறவள் அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறாயே! முதலில் அதை வெளியே எடு. ஹாலில் எந்த ஜன்னலில் காலை வெளிச்சம் நன்றாக வருகிறதோ அதன் கீழே வை. மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக அமையும்.

எடுக்கும்போது ஒன்று கவனி. கறுப்பு உடம்பின் மேல் தங்க நிறப் பூவேலை இருக்குமே, பழைய மெஷின்களில் அதன் மேல் காப்பாக இருப்பதும் ஷெல்லாக்தான். அழுக்கைப் போக்குகிறேன் என்று ஸ்பிரிட்டோ சானிடைசரோ தொட்டால் பூவேலை உரிந்து வந்துவிடும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய பருத்தித் துணியில் தொட்டு, அழுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் துடை. ஒரு நாளில் முடிக்கப் பார்க்காதே. அது சிங்கர் மெஷின் என்று ஞாபகம். அப்படியானால் அடிப்பலகையின் வலது பக்கம் ஓர் எண் பொறித்திருக்கும். 1900-லிருந்து அவர்கள் எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்தும் போட ஆரம்பித்தார்கள். அதை வைத்து எந்த ஆண்டு செய்தது என்று கண்டுபிடிக்கலாம். தோல் பெல்ட் இற்றுப் போயிருந்தால் புதிது மாட்டிக்கொள். அதை வெறும் பூந்தொட்டி வைக்கும் மேசையாக மட்டும் ஆக்கிவிடாதே. ஜன்னல் திரைக்கு ஓரம் அடிக்க நேர்த்தையல் போதும், அதற்கு இதைவிட உறுதியான மெஷின் கிடைக்காது. மிதிக்கிற அந்தச் சத்தம் வீட்டில் கேட்டால் உனக்கு அந்தக் காத்திருக்கிற உணர்வு குறையும் என்று தோன்றுகிறது.

அதற்குத் துணையாகப் பழைய நாற்காலி ஒன்றோ அலமாரி ஒன்றோ வாங்க நினைத்தால், கவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதே. இப்போது புது மரத்திலேயே கீறி, சங்கிலியால் அடித்து, ஓரம் தேய்த்துப் பழசுபோல விற்கிறார்கள். உண்மையான தேய்மானம் கையும் காலும் படுகிற இடத்தில்தான் இருக்கும்: இழுப்பறைக் குமிழைச் சுற்றி, நாற்காலிக் கையின் நுனியில், கால் வைக்கிற குறுக்குச் சட்டத்தில். யாரும் தொட வழியில்லாத இடத்திலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது தொழிற்சாலை வேலை. இழுப்பறையை முழுசாக உருவி மூலையைப் பார். புறாவின் வால்போல விரிந்த பற்கள் கோத்திருந்து, அந்தப் பற்கள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறுக்குமாறாக இருந்தால் கையால் அறுத்தது. ஸ்டார் ஸ்க்ரூ 1930-களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. நூறு வருடப் பழசு என்று சொல்லும் பொருளில் எல்லா ஸ்க்ரூவும் அதுவாக இருந்தால் கேள்வி கேள். இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. மரம் இழை ஓட்டத்துக்குக் குறுக்கே சுருங்கும், நெடுக்கே அவ்வளவாகச் சுருங்காது. அதனால் வெகுநாள் பட்ட வட்ட மேசையை இரண்டு வாக்கில் அளந்தால் அளவு கொஞ்சம் மாறும். வட்டம் மெல்ல முட்டையாகிக்கொண்டிருக்கும்.

உளுத்த மரமா என்று பார்க்க மறக்காதே. பழைய துளை இருந்தால் பரவாயில்லை. தட்டினால் மாவுபோலத் தூள் கொட்டினால் வேண்டாம், உன் வீட்டு மரமெல்லாம் போய்விடும். பழைய பெயின்ட் அடித்த சாமானை நீயே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே, அந்தப் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்ட்டில் அதை 1978-ல்தான் தடை செய்தார்கள். பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடு, தூசி ஆகாது. பழைய விளக்கு வாங்கினால் ஒயரைப் புதிதாக மாற்றிய பிறகுதான் பிளக்கில் சொருக வேண்டும்.

பழையது என்றால் விலையுயர்ந்தது என்ற பயமும் வேண்டாம். நீ அனுப்பிய படத்தில் வட்ட இருக்கையும் வளைந்த முதுகுமாக ஒரு நாற்காலி இருந்ததே, அது மிகேல் தோனெட் என்ற மரச்சாமான் செய்பவர் 1859-ல் கொண்டுவந்த வடிவம், பதினான்காம் எண் நாற்காலி. பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைப்பார்கள். மொத்தம் ஆறு மரத் துண்டுகள், பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் போகும். காபிக் கடைகளில் சாதாரண மனிதர்கள் உட்காரச் செய்தது அது. இன்றைக்கும் அதே வடிவத்தில் செய்கிறார்கள், தாராளமாக வாங்கு. தேய்த்துக் கீறிய போலிப் பழசை வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறது, மாற்றிவிடவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பின்னால் பூசிய வெள்ளி ஈரம் பட்டுக் கறுத்திருக்கிறது. முகம் பார்க்க வேறு கண்ணாடி இருக்கிறதல்லவா? இதை விளக்குக்கு எதிரே மாட்டு. மங்கலான கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் ரொம்ப அழகாக விழும். பின்பக்கத்தை மட்டும் சுரண்டாதே. மிகப் பழைய கண்ணாடிகளில் வெள்ளிக்குப் பதில் பாதரசக் கலவை பூசியிருப்பார்கள்.

துணி விஷயத்தில் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் கண்ணே போதும். பருத்தியும் லினனும் எடு, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். பூப்போட்டது ஒன்று மட்டும் போதும், மற்றது ஒற்றை நிறம். பறவையும் கொடியுமாக ஒரு நீலத் துணி வடிவம் உனக்குப் பிடிக்குமே, அது வில்லியம் மோரிஸ் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் 1883-ல் வரைந்தது. தன் தோட்டத்தில் பழங்களைக் கொத்திக்கொண்டு போன குருவிகளைப் பார்த்து வரைந்தாராம். அந்த நீலத்தை முதலில் அவுரிச் சாயத்தில்தான் எடுத்தார்கள். அதில் இரண்டு மெத்தை உறை தைத்தாலே அந்த மூலை நிறைந்துவிடும். நேர் வெயில் படும் இடத்தில் வைக்காதே, வெளுத்துவிடும். படங்கள் எல்லாவற்றையும் எல்லோரும் ரொம்ப மேலே மாட்டிவிடுகிறார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 சென்டிமீட்டரில் இருந்தால் கண்ணுக்கு நேராக வரும். திரைக் கம்பியை மட்டும் உத்தரத்துக்குப் பக்கத்தில் ஏற்றி மாட்டு, அறை உயரமாகத் தெரியும்.

பழைய அலமாரி வாசனைக்கு வாசனைத் தைலம் தெளிக்காதே, இரண்டும் கலந்து தலைவலி வரும். கதவைத் திறந்துபோட்டு நாலு நாள் காற்றாட விட்டு, உள்ளே ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கரி வைத்தால் போதும்.

அப்பாவின் மேசை இப்போது வாசிப்பறையில் ஜன்னலோரம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன். போன வாரம் பேனா கசிந்து, வலது பக்கம் சின்னதாக ஒரு மைக்கறை விழுந்தது. அவர் துணி எடுக்க ஓடினார், நான் துடைக்க விடவில்லை.

நீ அந்த ஜன்னலுக்குக் கீழே எத்தனை அடி இடம் இருக்கிறது என்று அளந்து எழுது. மெஷினில் இருக்கிற எண்ணையும் எழுது, எந்த ஆண்டு என்று நான் பார்த்துச் சொல்கிறேன். இழுப்பறையைத் திறக்கும்போது மெதுவாகத் திற. அம்மாவின் பாபின்களும் சுண்ணாம்புக் கட்டியும் அப்படியே உள்ளே இருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் பழைய தோழி