மாரிக்கு முன்னம் சம்பைப் பாருங்கோ

வணக்கம் உறவுகளே. மாரி தொடங்கினால் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கரண்ட் போய் வாறது வழமை. மீன்தொட்டிக்குக் கீழ சம்ப் (தண்ணியை வடிச்சு மோட்டரால திருப்பி மேல அனுப்புற தொட்டி) வைச்சு மீன் வளக்கிற ஆக்கள் இப்பவே ஒருக்கா மோட்டரை நிப்பாட்டிப் பாருங்கோ. 4 அடி நீளம், 1½ அடி அகல மேல்தொட்டியில தண்ணி ஒரு அங்குலம் இறங்கினாலே 14 லீட்டர் கீழ வரும். அதுக்கு சம்பில இடம் இருக்கவேணும். மோட்டர் ஓடேக்க சம்பில தண்ணி நிக்கிற மட்டத்தை மார்க்கரால கீறிவிட்டு, அதுக்கு மேல தண்ணி விடாதேங்கோ.

மேல ஏறுற குழாயின்ர வாய் மேல்தொட்டியில ஆழத்தில இருந்தால், மோட்டர் நிண்டதும் தண்ணி அதாலயே திரும்பி இறங்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழ குழாயில சின்ன ஓட்டை போட்டால் காத்துப் புகுந்து அந்தத் திரும்பி இறங்கிற ஓட்டம் அறும். எங்கட கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட. வெள்ளைப் படிவு அந்த ஓட்டையை அடைச்சுப்போடும், கிழமைக்கு ஒருக்கா ஊசியால குத்திவிடுங்கோ. தண்ணி திரும்பி வராமல் தடுக்கிற வால்வை மட்டும் நம்பவேண்டாம். ஒரு நத்தைக்குஞ்சு மாட்டினாலும் மூடாது.

இறங்கு குழாய் அடைபட்டால் மேல்தொட்டி வழியும், வாயில வலை போடுங்கோ. பிளக் பொயின்ற் தொட்டிக்கு நேர் கீழ இருந்தால் கட்டாயம் மாத்துங்கோ, உயிர் விசயம்.

சோதிச்ச ஆக்கள் எத்தினை அங்குலம் இறங்கினது எண்டு இதில போடுங்கோ, குறைக்கிற வழி பாப்பம்.