தனுஷ்கோடி புயல்ல எங்களைத் தாங்கினவங்களுக்கு, ரொம்ப லேட்டா ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். 1964 புயல்ல எங்க குடும்பத்துக்கு உதவினவங்களுக்கும், அவங்க இப்ப இல்லேன்னா அவங்க புள்ளைங்க பேரப்புள்ளைங்களுக்கும் எழுதுறது இது. அறுபது வருஷம் கழிச்சு எழுதுறோம்னு தெரியும், ஆனா 2025 ஏப்ரல்ல புது பாம்பன் பாலம் திறந்ததுலருந்து எங்க வீட்ல இதே பேச்சுதான். அப்பத்தா டிவில பாத்துட்டு, "அப்ப பாலத்தைத் தூக்கி நிறுத்துனவுகளுக்கும் நமக்குச் சோறு போட்டவுகளுக்கும் யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னீகளா"ன்னு கேட்டுச்சு. அதுக்குத்தான் இந்த மடல்.

எங்க ஐயா, அப்பாவைப் பெத்தவரு, தனுஷ்கோடியில ரயில்வே போர்ட்டர். மெட்ராஸ்லருந்து போட் மெயில் ரயில்ல வந்து இறங்குறவங்க மூட்டைய எல்லாம் தூக்கிட்டுப் போய் இலங்கையில தலைமன்னாருக்குப் போற கப்பல்ல ஏத்துறதுதான் வேலை, இர்வின், கோஷன்னு அந்தக் கப்பல் பேரெல்லாம் எங்க வீட்டுச் சின்னப் புள்ளைங்களுக்குக்கூட தெரியும். டிசம்பர் 22 ராத்திரி கடல் ஊருக்குள்ள வந்துருச்சு. பாம்பன்லருந்து வந்த 653-ம் நம்பர் பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடிய நெருங்குற நேரத்துல அலை அடிச்சு அப்படியே கொண்டு போயிருச்சு, அதுல வந்தவங்க யாரும் திரும்பலை. இந்தப் பக்கம் இலங்கைப் பக்கம் ரெண்டும் சேத்து செத்தவங்க 1,800க்கு மேலன்னு சொல்றாங்க. அந்த ரயிலைப் பத்தியும் இடிஞ்ச சர்ச்சைப் பத்தியும் நிறைய பேர் எழுதியாச்சு, உசுரோட மிஞ்சினவங்களை யார் பாத்துக்கிட்டாங்கன்னுதான் யாரும் பெருசா எழுதலை.

முதல் நன்றி வள்ளம் எடுத்துட்டு வந்தவங்களுக்கு. தண்டவாளமும் இல்ல, மணல்ல நடக்க வழியும் இல்ல, எங்க பாத்தாலும் தண்ணி, கடல் இன்னும் அடங்கக்கூட இல்ல, அந்த நேரத்துல மணல்மேட்டுல ஒண்டிக்கிட்டு இருந்த எங்க ஆளுங்களை வந்து ஏத்தினாங்க. பேரு கேக்குற நிலைமையில யாரும் இல்ல. எங்க அப்பா அப்ப கைக்குழந்தை, அவரை ஒருத்தர் தன் தலைப்பாகைய அவுத்துச் சுத்தி வாங்கிக்கிட்டாருன்னு மட்டும் அப்பத்தாவுக்கு ஞாபகம் இருக்கு.

ராமேஸ்வரம் கோயில்ல அன்னிக்கு நூத்துக்கணக்கான பேரு அடைக்கலம் இருந்தாங்க, எங்க ஐயாவோட தங்கச்சி குடும்பமும் அங்கதான் இருந்து பொழைச்சுச்சு. பிரகாரத்துல ஈரத்துணியோட கிடந்தவங்களுக்கு கஞ்சி காய்ச்சி ஊத்தின சன்னதித் தெரு ஆளுங்களுக்கும் கோயில் ஆளுங்களுக்கும் எங்க கும்பிடு.

அடுத்தது பாம்பன்ல எங்களை வச்சிருந்த முஸ்லிம் குடும்பம். இவங்களைப் பத்திச் சொல்லணும்னா எங்க அப்பத்தா இன்னிக்கும் அழுதுரும். அவங்க வீட்டுக் கூரையே காத்துல போயிருச்சு, பாதிச் சுவர்ல பாயைக் கட்டி அவங்க இருந்தாங்க, அதுல எங்களுக்கும் இடம் கொடுத்தாங்க. எங்க அப்பா காதெல்லாம் மணல் அடைச்சு, தொட்டாலே கத்துமாம். அந்த வீட்டு அம்மா துணி நுனிய திரிச்சு தேங்காண்ணெயில நனைச்சு, பிள்ளைய மடியில போட்டு கொஞ்சம் கொஞ்சமா எடுத்திருக்காங்க, ஒரே நாள்ல இல்ல, தினமும். கொஞ்ச நாள்ல நோன்பு மாசமும் வந்துருச்சு, பகலெல்லாம் பட்டினி இருந்து காய்ச்சுற நோன்புக் கஞ்சிய முதல்ல எங்க புள்ளைங்களுக்கு ஊத்திட்டுத்தான் அவங்க நோன்பு திறப்பாங்களாம். அந்தக் கஞ்சி வாசனைய அப்பத்தா இன்னும் சொல்லும்.

இன்னொண்ணு இப்ப உள்ளவங்களுக்குத் தெரியாது, அப்ப ராமேஸ்வரம் தீவுக்கு ரோடே கிடையாது, ரோடு பாலம் 1988லதான் வந்துச்சு. ரயில் பாலம் போனா எல்லாம் போச்சு. மண்டபத்துலருந்து அரிசி, மருந்து, நல்ல தண்ணி எதுவா இருந்தாலும் படகுலதான் வரணும். அதை ஏத்தி இறக்கின மண்டபத்து ஆளுங்களுக்கும், அவ்வளவு பேருக்கு ஊசி போட்ட டாக்டர் நர்ஸ்மாருக்கும் நன்றி.

பாம்பன் ரயில் பாலத்துல, தண்டவாளத்தைத் தாங்குற 146 கர்டர்ல (இரும்பு உத்தரம்) 120க்கு மேல கடலுக்குள்ள போயிருச்சு, நடுவுல இருந்த தூக்குப் பாலம் மட்டும் நின்னுச்சு. ரயில்வே ஆறு மாசம்னு கணக்குப் போட்டு, மேலதிகாரி மூணு மாசமா குறைச்ச வேலைய 46 நாள்ல முடிச்சாரு இன்ஜினியர் ஸ்ரீதரன் சார், பின்னாடி கொங்கன் ரயில்வே டெல்லி மெட்ரோன்னு பேர் வாங்கினவரு, அப்ப அவருக்கு வயசு 32தான். சார், உங்களுக்கு எங்க குடும்பத்தோட வணக்கம். கர்டர் கடலுக்கு அடியில எங்க கிடக்குன்னு காட்டிக் கொடுத்த மீனவங்களுக்கும், அதைத் தூக்கி மாட்டின கலாசிங்கற பளு தூக்குற தொழிலாளிகளுக்கும், தண்டவாள வேலை பாக்குற கேங்மேன்களுக்கும் அதே அளவு வணக்கம், அவங்க பேரும் பாலத்துல எங்கயாச்சும் பொறிச்சிருக்கணும்னுதான் என் எண்ணம். எங்க ஐயாவும் அந்த வேலைக்குக் கூலியா போனாரு, சொந்த வீடு போன மனுஷனுக்கு காலையில எந்திரிச்சுப் போக ஒரு வேலை கிடைச்சதே பெரிய மருந்துன்னு அப்பத்தா சொல்லும்.

தனுஷ்கோடி லைனை அப்புறம் போடவே இல்ல, ஊரையும் ஆள் வாழத் தகுதியில்லாத இடம்னு சொல்லிட்டாங்க, நாங்க ராமநாதபுரம் பக்கம் வந்துட்டோம். வந்த அவசரத்துல பாம்பன் குடும்பத்தோட தொடர்பு விட்டுப் போச்சு. அப்ப பாம்பன் ஸ்டேஷன் பக்கம் இருந்தவங்க, வீட்ல பெரியவங்க யாராச்சும் "புயலப்போ தனுஷ்கோடி போர்ட்டர் குடும்பம் ஒண்ணு நம்மகூட இருந்துச்சு, கைக்குழந்தைக்கு காதுல மணல்"னு சொல்லிக் கேட்டிருந்தா தயவுசெஞ்சு எங்களுக்குச் சொல்லுங்க. அந்தக் கைக்குழந்தைக்கு இப்ப அறுபது தாண்டியாச்சு, அவரும் அப்பத்தாவும் நேர்ல வந்து பாக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காங்க.