சைலன்சர் தரை தட்டுவது பற்றி அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. படுக்கை, சமையல் எல்லாம் உள்ளேயே வைத்துப் பயணம் போகிற உன் வேன் சரிவில் ஏறும்போது பின்பக்கம் தரை தட்டியது என்று எழுதியிருந்தாய். வண்டிக்கு அடியில் நீ எடுத்து அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடி வாங்கியிருப்பது சைலன்சர் உருளை இல்லை. அதற்குப் பின்னால், புகை வெளியேறுகிற வால் குழாயைப் பிடித்திருக்கிற யூ கிளாம்ப், அதாவது யூ வடிவ இரும்புப் பிடி. அதன் மரை முனை இரண்டும் தரையைப் பார்த்து நிற்கின்றன, யார் மாட்டினார்களோ தெரியவில்லை. நட்டைத் தளர்த்தி, முனைகள் பக்கவாட்டில் படுக்கும்படி கிளாம்பைத் திருப்பி முடுக்கு. இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கிடைக்கும். துரு பிடித்திருந்தால் முதல் நாளே எண்ணெய் விட்டு ஊற வை. அப்படியும் நட்டு உடைந்தால் உடையட்டும், புதுக் கிளாம்ப் சின்னக் காசுதான்.

எல்லாப் போட்டோவிலும் வண்டி மட்டும்தான் இருக்கிறது. டார்ச் யார் பிடித்தது என்று அம்மா கேட்டாள். மாப்பிள்ளை பிடித்திருப்பார் என்று சொல்லி வைத்தேன்.

முதலில் அளவு எடுக்க வேண்டும். நீ அனுப்பிய "சுமார் 13 செ.மீ." போதாது, எங்கே 13? சமதளத்தில் நிறுத்தி, டயரில் சரியான காற்று அடித்து, பயணம் கிளம்புவது போலச் சாமான், தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றிய பிறகு அள. காலி வண்டியை அளப்பதில் பயனில்லை. தாழ்ந்து தெரிகிற ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு அளவு வேண்டும்: தரையிலிருந்து உயரம், பின் அச்சின் மையத்திலிருந்து பின்னால் எவ்வளவு தூரம். உயரத்தைத் தூரத்தால் வகுத்துப் பார். எதற்குக் குறைந்த எண் வருகிறதோ அதுதான் சரிவில் முதலில் இடிக்கும். குழாய் அச்சிலிருந்து 110 செ.மீ. பின்னால், 13 செ.மீ. உயரத்தில் இருந்தால் கோணம் 6.7 டிகிரி. எட்டுக்கு ஒன்று ஏறுகிற சரிவு 7.1 டிகிரி. அதனால்தான் தட்டியது. அதே 13 செ.மீ. சக்கரத்தை ஒட்டி இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. டேப்பை ஒரு முனையில் ஒருவர் பிடிக்க, மறுமுனையில் இன்னொருவர் படித்தால்தான் இந்த அளவு சரியாக வரும்.

சரிவு தொடங்குகிற இடத்தில் வால் தட்டுவது ஒன்று, மேடு ஏறி இறங்கும்போது வயிறு தட்டுவது வேறு. உன் ஃபியட் டுகாட்டோ வேனில் இரண்டு அச்சுக்கும் நடுவே 4,035 மி.மீ. நடுவில் 15 செ.மீ. உயரம் இருந்தால் ஏறுகிற சரிவும் இறங்குகிற சரிவும் சேர்ந்து எட்டரை டிகிரி முறிகிற மேடு வரை தாண்டும். உனக்கு வந்திருப்பது வால் நோய். எனவே நடுப்பகுதியில் கை வைக்காதே.

அடுத்து தொங்கு ரப்பர்கள். பழைய வண்டியில் ரப்பர் நீண்டு, ஓட்டை முட்டை வடிவமாகி, குழாய் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்றிவிடு. ஒன்றை மட்டும் மாற்றினால் பாரம் அதன் மேலேயே விழுந்து அதுவும் அறும். குழாய்க்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெல்லத் தாங்கி, சோப்புத் தண்ணீர் அல்லது சிலிக்கான் ஸ்பிரே தடவி ரப்பரை நெம்பி எடு. கிரீஸும் டீசலும் ரப்பரைத் தின்றுவிடும், அவை வேண்டாம். குட்டை ரப்பராகப் பார்த்துப் போட்டால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஏறும். அதற்கு மேல் இழுக்காதே. முன்னால் பின்னல் கம்பி போட்ட வளையும் குழாய் இருக்கிறதே, வால் பக்கம் வலுவாகத் தூக்கிக் கட்டினால் அது முறுக்கேறி நாலு மாதத்தில் விரியும். சத்தம் முன்னால் கேட்கும், காரணம் பின்னால் இருக்கும்.

பெரிய காரணம் பாரம். கழிவுத் தண்ணீர்த் தொட்டி பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்குகிறது என்று வைத்துக்கொள். அதில் 100 லிட்டர் நிறைந்தால் பின் அச்சில் 125 கிலோ கூடும், முன் அச்சில் 25 கிலோ குறையும். முன் சக்கரம் இழுக்கிற வண்டி அது. வால் தாழ்கிறது, அதே நேரம் இழுக்கிற சக்கரத்துக்குப் பிடியும் குறைகிறது. ஈரச் சரிவில் இது மோசமான சேர்க்கை. சரிவு ஏறுவதற்கு முன் கழிவுத் தண்ணீரைக் காலி பண்ணு. பின்பக்கப் பெட்டியில் சாமானை அடுக்காதே. ஒரு ஆள் இருப்பதற்கு அவ்வளவு சாமான் எதற்கு என்று கேட்க நினைத்தேன். இரண்டு பேருக்கு என்றால் சரிதான். வண்டியின் தகட்டில் மொத்த எடை 3,500 கிலோ என்றுதானே போட்டிருக்கிறது? உன் லைசென்சும் அது வரைக்கும்தான். லாரி எடை போடுகிற எடைப் பாலத்தில் நிறுத்தி, இரண்டு அச்சையும் தனித்தனியே எடை போட்டுச் சீட்டு வாங்கு.

இதற்குப் பிறகும் வால் தாழ்ந்தால் ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருக்கிறது. பட்டைக்கும் சேசிஸுக்கும் நடுவே காற்றுப் பை போடலாம். அச்சு இருக்கிற இடத்தில் 5 செ.மீ. தூக்கினால், 110 செ.மீ. பின்னால் இருக்கிற குழாய் 6 செ.மீ.க்குச் சற்று மேலேயே உயரும். கோணம் 10 டிகிரிக்குப் போய்விடும். ஆனால் காற்றுப் பை போட்டதால் ஏற்றலாம் என்கிற எடையின் அளவு அதிகமாகாது. ஹெட்லைட் தாழ்ந்துவிடும், திரும்பச் சரிபார்க்க வேண்டும். பின் அச்சின் உயரத்தைப் பார்த்துப் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு இருந்தால் அதையும் செட் பண்ண வேண்டும். இல்லையென்றால் வண்டி காலி என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

குழாயை வெட்டித் தூக்கலாமா என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. உன் வயதில் எங்கள் பட்டறைப் பையன்கள் வெட்டிவிட்டுத்தான் கேட்பார்கள். புகை வடிகட்டி, அதன் சென்சார் எதையும் தொடாதே. வடிகட்டியை எடுத்தால் பிரிட்டனில் வருடா வருடம் வண்டிக்குச் செய்கிற எம்.ஓ.டி. பரிசோதனையில் தோற்றுவிடும். கடைசி சென்சாருக்குப் பின்னால் உள்ள வால் குழாயை மட்டும் மாற்றலாம். வட்டக் குழாய்க்குப் பதில் தட்டை முட்டை வடிவக் குழாய், உள்பரப்பு குறையாமல். இல்லாவிட்டால் பின் சக்கரம் தாண்டியதும் பக்கவாட்டில் திருப்பி வெளியே விடலாம். வளைவில் குழாய் நசுங்கக் கூடாது. அங்கே சாலையில் உப்பு போடுகிறார்கள், ஆகவே ஸ்டெயின்லெஸ் போடு.

குழாயின் வாய் எக்காரணம் கொண்டும் வண்டியின் தரைப் பலகைக்கு அடியிலேயே முடியக் கூடாது, பக்கத் தகட்டைத் தாண்டி வெளியே வர வேண்டும். கேஸ் கசிந்தால் கீழே இறங்கிப் போக அந்தத் தரையில் வேண்டுமென்றே ஓட்டை விட்டிருக்கிறார்கள். புகை அந்த வழியே உள்ளே ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இப்படிப்பட்ட வண்டிகளுக்கான இ.என். 50291-2 தர முத்திரை போட்ட கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கைப் பக்கம் இருக்கிறதா? பொத்தானை அழுத்திப் பார்த்தாயா? ராத்திரி யாராவது ஒருவர் விழித்துக்கொள்ள வேண்டுமே.

தூக்குவதிலும் எல்லை உண்டு. குழாய்க்கு மேலே வண்டித் தரையில் இருப்பது ஒட்டுப்பலகையும் பஞ்சு போன்ற பாலிஸ்டைரினும். நூறு டிகிரிக்குள்ளேயே பாலிஸ்டைரின் இளகும். வடிகட்டி தன்னை எரித்துச் சுத்தம் பண்ணும்போது அதற்குள் 600 டிகிரிக்கு மேல் போகும். தகடு மறைப்பு இருந்தாலும் இரண்டு அங்குலம் இடைவெளி விடு. பிளாஸ்டிக் தொட்டி, பிரேக் குழாய், கேஸ் குழாய் பக்கம் நாலு அங்குலம். அச்சு முழுதாக மேலே ஏறும்போதும் குழாயைத் தொடக் கூடாது. காய்ந்த புல்லில் நிறுத்தாதே. வெல்டிங் என்றால் குழாயைக் கழற்றி வெளியே வைத்துத்தான்.

ஸ்காட்லாந்தின் மல் தீவுக்கு வண்டியோடு படகில் போகப் போவதாக எழுதியிருக்கிறாய். தனியாகப் போகிறாய் என்று எழுதவில்லை, போகவில்லை என்றும் எழுதவில்லை. அலை இறங்கி நிற்கும் நேரம் படகில் ஏறுகிற சரிவு செங்குத்தாகும். அலை அட்டவணை பார்த்து முன்பதிவு செய். ஏற்றுகிற ஆளிடம் முதலிலேயே வால் நீளம் என்று சொல், கட்டை வைத்துத் தருவார்கள். நடை வேகத்தில், இடம் விட்டால் சற்றுக் குறுக்காக ஏறு. கீழே ஒருவர் நின்று குழாயைப் பார்த்துக் கை காட்ட வேண்டும். கழிவுத் தண்ணீரைக் காலி பண்ணிவிட்டு ஏறு.

தட்டிவிட்டால் அன்றே பார். குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, கையுறை போட்டுக் கனத்த துணியால் குழாயின் வாயை ஒரு நொடி அடைத்தால் கசிகிற இடத்தில் உஸ்ஸென்று கேட்கும். இணைப்புகளில் கரி படிந்திருந்தால் பேக்கிங் போய்விட்டது. வாயின் உள்ளே கருப்புக் கரி இருந்தால் வடிகட்டியே விரிசல் கண்டிருக்கலாம்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே. ஸ்டாண்டு சேசிஸுக்கு அடியில், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை, கை பிரேக். வண்டிக்கு வெளியே இன்னொரு ஆள் நிற்க வேண்டும். இதை நான் சின்ன வயதிலிருந்து உனக்குச் சொல்லியிருக்கிறேன், உன் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைக்கும் சொன்னேன். அவர் போன் எடுப்பதில்லை. வேலை அதிகம் போல.

யாரும் பக்கத்தில் இல்லாத நாள் என்றால், காரணம் சொல்ல வேண்டாம், எனக்கு வீடியோவில் கூப்பிடு. உங்கள் காலை 9 மணி இப்போது எங்களுக்கு மதியம் 1.30. அம்மா தூங்குகிற நேரம். நான் வீடியோவில் இருந்து ஜாக்கியைப் பிடிக்க முடியாதுதான். எனவே அன்றைக்குக் கிளாம்பைத் திருப்புவதோடு நிறுத்து. அதற்கு ஜாக்கி வேண்டாம், வெளியே படுத்துக் கை நீட்டினாலே எட்டும். ரப்பர் வேலையைப் பட்டறையில் கொடு, பணம் போட்டு விடுகிறேன். போனை அடியில் வைக்காதே. ஐந்தடி தள்ளி நிறுத்தி வை, பின் சக்கரமும் அடைக்கட்டையும் எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா