இணையம் வந்தது, ஓ.டி.பி. வரவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டால் ஒதுக்குப்புறமான ஊர்களின் கஷ்டம் தீர்ந்துவிடும் என்ற பொருளில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல மாதங்கள் மலைப்பாதைகளிலும் காட்டோர ஊர்களிலும் சைக்கிளில் போய்விட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறேன், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தொழில்நுட்பத்தைப் பற்றிக் கட்டுரை சொல்வது சரிதான். 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கும் பழைய வகைச் செயற்கைக்கோள் வழியாகப் பேசினால் நாம் கேட்டதற்குப் பதில் வரவே அரை நொடிக்கு மேல் ஆகும். இப்போது சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறவற்றில் அந்த இழுபறி இல்லை, டாக்டரிடம் முகம் பார்த்துப் பேசலாம். நான் தங்கிய ஒரு மலைக் குடியிருப்பிலும் பள்ளிக்கூடக் கூரையில் அப்படி ஒரு ஆன்டெனா வைத்திருந்தார்கள், இணையம் நன்றாகவே வேலை செய்தது.

அங்கே ஒரு பாட்டியின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தார்கள். விவரமெல்லாம் நிரப்பியாயிற்று, கடைசியில் ஓ.டி.பி. கேட்டது. அது குறுஞ்செய்தியாகத்தான் வரும், குறுஞ்செய்திக்கு செல்போன் டவர் வேண்டும், டவர் சிக்னலோ ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் மட்டும்தான் கிடைக்கும். பேரன் போனை எடுத்துக்கொண்டு மேலே ஓடினான், எண்ணைப் பார்த்துக்கொண்டு கீழே ஓடி வந்தான், அதற்குள் காலாவதியாகிவிட்டது. மூன்று தடவை ஓடினான். முன்பெல்லாம் காகிதப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் போதுமாம், ஆன்லைன் வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிக்னலே இல்லாமல், நேரத்தை வைத்து ஸ்மார்ட்போன் தானே கணக்குப் போட்டு எண் தரும் முறை 2011-லேயே பொதுத் தரமாக வெளியாகிவிட்டது. பாட்டியிடம் இருப்பது பட்டன் போன், அவருக்கு அது உதவாது, ஆனால் ஓ.டி.பி. செல்லுபடியாகும் நேரத்தைக் கூட்டலாமே. என் வழிகாட்டிக் கருவியும் இணையம் இல்லாத காட்டில்தான் ஒழுங்காக வழி காட்டியது. ஜி.பி.எஸ். என்பது செயற்கைக்கோள் அனுப்புவதைக் கேட்டு இடத்தைக் கணக்கிடுவது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் வேறெதுவும் வேண்டாம்.

1983-ல் ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கர் சைக்கிளில் சோலார் தகடும் சின்னக் கணினியும் வைத்துக்கொண்டு நாடு சுற்றக் கிளம்பினார். போகிற இடத்தில் எழுதுவார், பொதுத் தொலைபேசி கிடைக்கும் இடத்தில் அனுப்புவார். இணைப்பு எப்போதும் இருக்காது என்று தெரிந்தே அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது. விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும்போது அனுப்புகிற மாதிரி இன்றைக்குச் செய்ய முடியாதா?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, ஆன்டெனா எத்தனை வைத்தார்கள் என்பதோடு, இணைப்பு அறுந்தால் விண்ணப்பம் என்ன ஆகும், காகிதப் படிவம் இன்னும் இருக்கிறதா என்றும் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மறுநாள் காலை நான் கிளம்பும்போது பாட்டியும் பேரனும் நேரில் விண்ணப்பிக்க பஸ் பிடிக்க நடந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில் எனக்கே அந்த பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் பயணி