“நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்று சொல்லிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நானும் என் கணவரும் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரத்தில் வசிக்கிறோம். எனக்கு வயது 67, அவருக்கு 72. மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது காலும் கையும் இன்னும் சரியாக வழங்கவில்லை. செவ்வாயும் வியாழனும் மூன்று மைல் தள்ளியுள்ள பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குப் போய்வருவார். கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) ஒழுங்கு செய்த மினிபஸ் வாசலுக்கே வரும். பின்பக்க லிஃப்டில் ஏற்றி, பெல்ட் போட்டு இருத்திக்கொண்டு போவார்கள்.

சென்ற வருடம் கவுன்சில் அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்து, அவருக்கு என்ன உதவி தேவை என்று மீளாய்வு செய்தார். அது முடிந்து மூன்றாவது கிழமை ஒரு கடிதம் வந்தது. போக்குவரத்து உதவிக்கு அவருக்குத் தகுதியில்லையாம். இலவச பஸ் பாஸ் இருக்கிறது, வீட்டில் கார் நிற்கிறது, மனைவி கார் ஓடுவார், அரசாங்க உதவிப்பணமும் கிடைக்கிறது என்று காரணங்கள் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை வாசித்து எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் எங்கே பிழைத்தது என்று விளங்கியது. அதில் இருந்ததெல்லாம் நாங்கள் சொன்னவைதான்.

“மினிபஸ் வராத நாளில் என்ன செய்வீர்கள்?” என்று அந்த அலுவலர் கேட்டார். “பிரச்சினையில்லை, நான் கொண்டுபோய் விடுவேன்” என்று சொன்னேன். வீட்டுக்கு வந்த மனிசிக்கு முன்னால் முறைப்பாடு படிப்பது போல இருக்கக்கூடாது என்று நினைத்தேன். “நடப்பீர்களா?” என்று என் கணவரைக் கேட்டார். “தெருமுனை வரைக்கும் நடப்பேன்” என்றார் அவர். நாற்பது வருடம் நின்றபடியே வேலை செய்த மனிசன், ஏலாது என்று ஒரு வெளியாளிடம் சொல்வாரா? தெருமுனைக்குப் போவார், அது பொய்யில்லை. ஐந்து நிமிட நடை அவருக்கு இருபத்தைந்து நிமிடம். திரும்பும்போது பக்கத்து வீட்டு மதிலில் இரண்டு தரம் இருந்து மூச்சு வாங்குவார். அதை ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அன்று மொழிபெயர்த்தது எங்கள் மகன். ஜனவரியில் நான் காரில் கூட்டிக்கொண்டு போனபோது, இறங்கும் நேரத்தில் அவர் சீற்றுக்கும் நடைபாதைக்கும் இடையில் வழுக்கி விழுந்தார். அதே பயணத்தில் அவருக்கு உடுப்பு நனைந்துவிட்டது. நான் இதைத் தமிழில் சொன்னேன். மகன் தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சில நேரம் கொஞ்சம் கஷ்டம்” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னான். அவனில் பிழை சொல்லமாட்டேன். தகப்பனின் மானத்தைப் பிள்ளை காப்பாற்றத்தானே பார்க்கும். அதனால்தான் பிள்ளைகளை இந்த வேலையில் இருத்தக்கூடாது என்கிறேன். கவுன்சிலிடம் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.

பிறகு ஒரு ஆலோசனை நிலையத்தில் ஒரு தம்பி எனக்குச் சட்டத்தை ஆறுதலாக விளங்கப்படுத்தினார். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் 2015 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்தில் நடைமுறையில் இருக்கிறது. (ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு.) தகுதி பார்க்க மூன்று கேள்விகள். தேவை உடல் அல்லது மனநலக் குறைபாட்டாலோ நோயாலோ வந்ததா? சட்டம் சொல்லும் பத்து விடயங்களில் இரண்டையோ கூடவோ அவரால் செய்ய முடியாமல் இருக்கிறதா? அதனால் அவருடைய நல்வாழ்வு பெரிதாகப் பாதிக்கப்படுகிறதா? அந்தப் பத்தில் ஒன்று, பொதுப் போக்குவரத்து உட்பட உள்ளூர் வசதிகளைப் பயன்படுத்துவது.

“முடியாது” என்பதற்குச் சட்டம் சொல்லும் கருத்துத்தான் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒருவர் ஒன்றைத் தனியாகச் செய்தாலும், அதனால் கடும் நோவோ மனப்பதற்றமோ வந்தால், அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து இருந்தால், வழமையைவிட மிகக் கூடுதலான நேரம் எடுத்தால், அதுவும் “முடியாது” என்ற கணக்கில்தான் வரும். அந்த இருபத்தைந்து நிமிடமும் மதிலும் சட்டத்துக்குள்ளேயே இருந்திருக்கின்றன!

இன்னொன்று. தகுதியைத் தீர்மானிக்கும்போது வீட்டில் பராமரிப்பவர் இருக்கிறாரா, அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கக்கூடாது என்று அரசாங்க வழிகாட்டி சொல்கிறது. முதலில் அந்த ஆளின் தேவை. பராமரிப்புத் திட்டம் எழுதும்போதுதான் குடும்பம் எதைச் செய்கிறது என்ற பேச்சு. அப்போதும் செய்ய இயலுமா, செய்ய விருப்பமா என்று பராமரிப்பவரைக் கேட்கவேண்டும். நான் விரும்பிச் செய்தால் கவுன்சில் அதைச் செய்யத் தேவையில்லை, அது நியாயம். ஆனால் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. வாசலில் நின்ற காரைப் பார்த்தார்கள். காரில் ஏற்றும்போது அவருடைய இடது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பது நான்தான். என் நாரி அதற்குப் பிறகு இரண்டு நாள் நிமிராது. காலையில் போய்த் திரும்பி, பின்னேரமும் போய்த் திரும்பினால், எனக்கென்று இருக்கும் அந்த இரண்டு நாளில் என்ன மிஞ்சும்?

பஸ் பாஸைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அது கட்டணத்தைக் கட்டும், படியில் ஆளை ஏற்றாது.

உதவிப்பணக் கதைக்குத்தான் எங்கள் சனங்கள் மெத்தப் பயப்படுகிறார்கள். என் கணவருக்குக் கிடைப்பது அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். ஓய்வூதிய வயதுக்குப் பிறகு நோய்வாய்ப்படுகிறவர்களுக்குக் கிடைக்கும் அந்தப் பணத்தில் நடமாட்டத்துக்கென்று ஒரு பகுதியே கிடையாது. பிப் (PIP) என்ற வேறொரு உதவிப்பணம் எடுப்பவர்களுக்கு அந்தப் பகுதி கிடைக்கலாம், 2025-26இல் அதன் உயர்ந்த வீதம் வாரம் 77.05 பவுண். அப்படிக் கிடைத்தாலும், பராமரிப்புக் கட்டணம் கணக்கிடும்போது அதை வருமானமாகச் சேர்க்கக்கூடாது என்பது விதி. நடமாட்டத்துக்கென்று இல்லாத பணத்தை இருப்பதாக எழுதி எங்களை மறுத்திருந்தார்கள்.

நான் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் குறித்தேன். எத்தனை மணிக்கு வெளிக்கிட்டோம், எங்கே நின்றார், எங்கே தடுக்கினார், இரவு எத்தனை தரம் எழும்பினேன். அதோடு மறுபரிசீலனை கேட்டும், பராமரிப்பாளர் என்ற வகையில் எனக்கும் ஒரு மதிப்பீடு கேட்டும் எழுத்தில் அனுப்பினேன். இரண்டாவதாக வந்த சமூகப் பணியாளர் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு வந்தார். கேள்வி கேட்க முதல், “பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து பார்ப்போமா?” என்றார். பாதி வழியில் என் கணவர் மதிலில் இருந்தார். அந்தப் பிள்ளையும் பக்கத்தில் இருந்துகொண்டு, அவசரப்படாமல் அவர் பேசி முடிக்கும் வரைக்கும் கேட்டது. ஒன்பது கிழமையில் மினிபஸ் திரும்பி வந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கட்டணம் உண்டு, கட்டுகிறோம்.

கவுன்சில்களிடம் காசு இல்லை என்பது எனக்குத் தெரியும். சிக்கனமான வழி பார்க்கட்டும், ஆளைப் பார்த்துவிட்டுப் பார்க்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முறைப்பாடு செய்தும் சரிவராவிட்டால், உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், அதற்குச் செலவில்லை.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பத்து விடயங்களையும், “முடியாது” என்பதற்குச் சட்டம் தரும் கருத்தையும் தமிழில் ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கக்கூடிய அளவில் இருந்தால் நல்லது. எங்கள் கோயிலில் மட்டும் இந்த வருடம் மீளாய்வை எதிர்பார்த்திருக்கும் நாலு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கணவரைப் பராமரிக்கும் ஒரு வாசகி