சேத்துல ஓட்டுற மாதிரி பாறையில ஓட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பசங்க நிறைய பேரு இப்ப பழைய ஹைலக்ஸ், ஜிம்னினு வாங்கி, உசரம் ஏத்தி, பெரிய டயர் போட்டு சனி ஞாயிறுல காட்டுக்குள்ள இறங்குறாங்க. எனக்கு அதுல சந்தோஷம்தான், எங்க அண்ணனோட ஃபோர் வீல் கிளப்கூட நானும் போறவதான். ஆனா வாட்ஸ்அப்ல வர்ற சில வீடியோவ பாத்தா அடிவயிறு கலங்குது. ஆத்துப் பாறையில மாட்டுன காடிய, இன்னொரு காடியோட டோ பால்ல, அதான் பின்னால டிரெய்லர் மாட்டுற அந்த இரும்பு உருண்டையில, பெல்ட்ட கோத்து சடார்னு இழுக்குறாங்க, பக்கத்துலயே நாலஞ்சு பசங்க போன தூக்கிப் புடிச்சிக்கிட்டு நிக்குறாங்க. இதுல என்ன ஆபத்துன்னு யாராவது தமிழ்ல சொல்லணும்.

நம்ம நாட்டுல ஃபோர் வீல்னாலே சேறுதான். 1997ல ஆரம்பிச்ச ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியவே வருஷக் கடைசி மழைய நம்பித்தான் வைக்கிறாங்க. சேத்துல வேகம் வேணும், நின்னா புதைஞ்சிடும், அதனால மிதிச்சு மிதிச்சே பழகிட்டாங்க, அதே பழக்கத்தோட பாறைக்கும் வந்துடறாங்க. பாறையில கணக்கே வேற. ஒரு சக்கரம் அந்தரத்துல தூக்கிடுச்சுனா, லாக் இல்லாத சாதா டிஃபரென்ஷியல், அதான் இஞ்சின் விசைய ரெண்டு பக்க சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற பல்சக்கரப் பெட்டி, உள்ள காடியில அந்தரத்துல நிக்கிற சக்கரம்தான் சுத்தும், கல்லு மேல இருக்கிறது சும்மா கெடக்கும். அந்த நேரத்துல பெடல மிதிச்சா அது கண்ணு மண்ணு தெரியாம சுத்தி, திடீர்னு கல்ல கவ்வும்போது மொத்த அடியும் ஆக்சில்ல போய் இறங்கும். அங்கதான் ஆக்சில் முறியுது, சக்கரத்துக்கு விசைய கொண்டு போற சிவி ஜாயிண்ட் போவுது, காடி ஒரு பக்கமா சாயுது.

போன மாசம் உலு சிலாங்கூர் பக்கம் ரெண்டு நாள் போனோம். கல்லுல ஏர்றதுக்கு முன்னாடி எல்லாரும் எறங்கி டயர் காத்த 30 சொச்சம் பிஎஸ்ஐல இருந்து 18க்கு கொறைச்சாங்க. காத்து கொறைஞ்சா டயர் கல்லோட மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி அமுங்கி உக்காரும், பிடிமானம் அதுலதான் இருக்கு. எங்க மார்ஷல் ஒரு வயசான மலாய்க்கார பாக்சிக், முழங்கால் தண்ணியில காடிக்கு முன்னால நின்னு ரெண்டு கையாலயும் வழி காட்டுவாரு. அவரு கை காட்டும்போது வேற யாரும் வாய தொறக்கக் கூடாது, ஓட்டுறவரு அவரு கைய மட்டும்தான் பாக்கணும். அண்ணன் லோ ரேஞ்ச்ல, அதான் வேகம் கொறைஞ்சு இழுவை கூடுற கியர் செட்டுல, முதல் கியர் போட்டு, கிளட்ச்ல இருந்து கால சுத்தமா எடுத்துட்டாரு. பெரிய கல்ல நடுவுல விட்டு ஓட்டுனா அடியில இருக்கிற டிஃபரென்ஷியல் போய் இடிக்கும், அதனால டயர அந்தக் கல்லு மேலயே ஏத்தச் சொன்னாரு பாக்சிக். பெலான் பெலான்னு, மெதுவா மெதுவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நடந்து போறவங்க வேகம்கூட இல்ல, அடிப்பாகத்த காக்குற ஸ்கிட் பிளேட் தகடு கல்லுல கிரீச்னு உரசுற சத்தம் மட்டும் கேட்டுச்சு, டயர் நசுங்கிப் பிதுங்கி அப்படியே ஏறி அந்தப் பக்கம் எறங்குச்சு. இதுல இருக்கிற சந்தோஷம் மிதிச்சு ஓட்டுறதுல கெடைக்கவே கெடைக்காதுங்க.

இப்ப அந்தப் பெல்ட் விஷயத்துக்கு வர்றேன். ஸ்னாட்ச் ஸ்ட்ராப்னு சொல்ற அந்தப் பெல்ட் நைலான்ல செஞ்சது, இழுத்தா நீளும், நீண்டு திரும்பச் சுருங்குற அந்த விசையிலதான் காடி வெளிய வருது. டோ பால் டிரெய்லர் இழுக்க மட்டும்தான், இந்த மாதிரி வெட்டி இழுக்குறத தாங்காது. ஒடஞ்சு பிச்சுக்கிச்சுனா அந்த விசை மொத்தமும் அந்த இரும்புக் குண்டுல ஏறி, பெல்ட்டோட சேந்து பறந்து, கண்ணாடிய ஒடச்சிக்கிட்டு உள்ள உக்காந்திருக்கிறவங்க மேல போய் விழும். ஆஸ்திரேலியாவுல இப்படியே உசுரு போயிருக்கு. காடியோட சேசிஸ்ல போல்ட் பண்ண, அதுக்குனே செஞ்ச ரிக்கவரி பாயிண்ட்ல ஷேக்கல், அதான் பெல்ட்ட கோக்குற வளையம், போட்டுத்தான் மாட்டணும், அறுந்தா பறக்காம அமுக்குறதுக்கு பெல்ட்டு மேல கனமான டேம்பர போடணும், டேம்பர் இல்லனா நனைஞ்ச துணியாவது போடணும், பெல்ட் நீளத்துல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள்ள ஒருத்தரும் நிக்கக் கூடாது. போன்ல படம் எடுக்கணும்னா தள்ளிப் போய் எடுங்கப்பா. வயர சுத்தி காடிய இழுக்குற வின்ச்ச மரத்துல கட்டுனா வயர நேரா சுத்தாம அகலமான பெல்ட்ட போட்டுக் கட்டுங்க, மரப்பட்டைய அறுத்துட்டா அந்த மரம் பட்டுப் போயிடும்.

கிளப்போட போங்கன்னு நான் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நிரந்தர வனக் காப்பகத்துக்குள்ள போக வன இலாகா பெர்மிட் வேணும், 1984 தேசிய வனச் சட்டப்படி இல்லாம நொழைஞ்சா 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல 3 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டுமே கூட சேத்து போடலாம். கிளப்புல அத முன்கூட்டியே எடுத்துடுவாங்க. கூடாரம் எங்க போடணும்ங்கிறதுலயும் அவங்க ரொம்ப கண்டிப்பு. 2022 டிசம்பர் 16ல பத்தாங்காலி நிலச்சரிவுல கூடாரம் போட்டுத் தூங்குனவங்க 31 பேரு செத்தத நாம யாரும் மறக்கல. சரிவுக்குக் கீழ போட மாட்டாங்க, ஆத்தங்கரையிலயும் போட மாட்டாங்க. நாம நிக்கிற எடத்துல வெயில் அடிக்கும், மேல மலையில மழை கொட்டும், கெப்பாலா ஆயர், அதான் திடீர்னு பாஞ்சு வர்ற காட்டாத்து வெள்ளம், வந்துடும். தண்ணி திடீர்னு கலங்கி, எலையும் குச்சியும் அடிச்சிக்கிட்டு வந்தா காடிய பத்தி யோசிக்காம மேட்டுக்கு ஏறிடணும்.

இதெல்லாம் இங்கிலீஷ்லயும் மலாய்லயும் கெடைக்குது, ஆனா இந்தப் பசங்களோட அப்பா அம்மா படிக்கிறது உங்க பத்திரிகைய. ஞாயிறு பதிப்புல ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்க ஐயா, டோ பால் எது, ரிக்கவரி பாயிண்ட் எதுன்னு பக்கத்துல பக்கத்துல படம் போட்டு விளக்குங்க. பயிற்சி நாள் வைக்கிற கிளப்புங்கள நம்ம இளைஞர் மன்றங்களோட நீங்களே பேசி சேத்து வச்சாலும் ரொம்ப புண்ணியமா போகும், எங்க கிளப்புல கத்துக் குடுக்க ஆளுங்க ரெடியா இருக்காங்க.

இப்படிக்கு,
வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்